வந்து போனவரும் வாழ்ந்து நின்றவரும்

திருச்சபை வரலாற்று நூல்களைப் புரட்டுவோர்க்கு ஒன்று விரைவில் புலப்படும். அவற்றின் இயல்கள் பெரும்பாலும் வந்தவர்களின் பெயர்களால் அமைந்திருக்கும். இன்னார் இன்ன ஆண்டில் கப்பலில் வந்து இறங்கினார், இன்ன ஊரில் தங்கினார், இத்தனை பேருக்கு ஞானமுழுக்கு அளித்தார் என்று பக்கங்கள் நகரும். வந்தவர் வருவதற்கு முன்னும், அவர் போன பின்னும் அவ்வூரில் விளக்கேற்றி வைத்திருந்தவர் யார் என்னும் வினாவுக்கு அந்நூல்களின் அடிக்குறிப்புகளில்தான் விடை தேட வேண்டியிருக்கும்.

இவ்வினா பழங்கதை பற்றியது மட்டுமன்று. அயல்நாட்டுச் சிறு திருச்சபைகளுக்குத் துணைசெய்யும் நோக்கில் சில வாரங்களோ சில மாதங்களோ சென்று பணியாற்றித் திரும்பும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெரிதும் பரவியது. 1957இல் ஜார்ஜ் வெர்வர் என்னும் அமெரிக்க மாணவர் தம் தோழர் இருவருடன் மெக்சிகோவுக்கு மேற்கொண்ட பயணத்திலிருந்து 'ஆப்பரேஷன் மொபிலைசேஷன்' என்னும் இயக்கம் கிளைத்தது. 1960இல் லோரன் கன்னிங்காம் 'யூத் வித் எ மிஷன்' என்னும் இயக்கத்தைத் தொடங்கினார். விமானப் பயணம் எளிதானபின் அமெரிக்கா, ஐரோப்பா, கொரியா முதலிய நாடுகளின் திருச்சபைகள் தம் இளைஞரை விடுமுறைதோறும் அனுப்பலாயின. இத்தகைய வருகையால் சிற்றூர்ச் சபைக்கு விளையும் பயன் யாது? ஆர்வம் பொங்க வந்து, சுவருக்குச் சாந்து பூசி, குழந்தைகளுடன் நிழற்படம் எடுத்துக்கொண்டு திரும்புவதால் நிலைத்த நன்மை உண்டா என ஐயுறுவோர் உளர். தொலைவிலிருந்து ஒருவர் தம்மைத் தேடிவந்தார் என்னும் எண்ணமே சிறு சபைக்குப் பெருந்துணை என்பாரும் உளர். இரு சாராரும் அண்மைக் காலத்தை மட்டுமே நோக்கி வழக்காடுகின்றனர்.

இருநூறு ஆண்டுகளுக்கு முன் நம் பாளையங்கோட்டையில் நிகழ்ந்ததை நோக்கின் இவ்வழக்குக்கு ஓரளவு தெளிவு கிடைக்கும் என்பது என் கருத்து. நம் வட்டத்துக் கவிஞர்களுக்கு அவ்வரலாற்றில் தனியுரிமையும் உண்டு. தமிழ்க் கவிஞர் ஒருவரின் வாழ்வு அங்கே, ஓர் அயல்நாட்டாரின் குறுகிய வருகையில்தான் திசைதிரும்பியது.

கோட்டைக்குள் ஒரு வாசகர்

கிறித்தியான் பிரெடெரிக் சுவார்ட்ஸ் 1726இல் பிரசிய நாட்டுச் சோனன்பர்க்கில் பிறந்தவர். அவ்வூர் இன்று போலந்து நாட்டில் உள்ளது. 1750இல் தரங்கம்பாடி வந்தடைந்த அவர், 1798 பிப்ரவரி 13ஆம் நாள் தஞ்சையில் மறையும்வரை தாயகம் திரும்பவேயில்லை. ஆகவே அவரைக் குறுகிய காலப் பணியாளர் என்றல் பொருந்தாது. ஆயினும் தரங்கம்பாடி, திருச்சி, தஞ்சை ஆகியவற்றைத் தவிர்ந்த பிற ஊர்களுக்கு அவர் விருந்தினராகவே சென்றார். 1760இல் இலங்கைக்குச் சென்று யாழ்ப்பாணம், கொழும்பு முதலிய ஒல்லாந்தர் ஆட்சிப் பகுதிகளில் சில மாதங்கள் சுற்றி வந்தார். திருநெல்வேலிச் சீமைக்கும் அவர் அவ்வாறு வந்து போனவரே.

அவர் வருமுன்பே பாளையங்கோட்டையில் ஒரு தொடக்கம் நிகழ்ந்திருந்தது. 1771ஆம் ஆண்டுக் குறிப்பு ஒன்றில் அவரே அதனைப் பதிவு செய்துள்ளார். திருச்சிச் சபையைச் சேர்ந்த சவரிமுத்து என்பவர் பாளையங்கோட்டையில் வாழ்ந்து வந்தார். எழுத்தறிவு பெற்றிருந்த அவர் அங்கிருந்த கத்தோலிக்கருக்கும் பிற சமயத்தாருக்கும் வேதத்தைப் படித்துக் காட்டி வந்தார். கோட்டையில் இருந்த ஆங்கிலச் சார்ஜண்ட் ஒருவரின் மனைவி சபையைச் சேர்ந்தவர். அதனால் சார்ஜண்டும் இப்பணியில் ஆர்வம் காட்டினார். கணக்குவேலை பார்த்த இளைஞர் ஒருவருக்கு வினாவிடையின் முதன்மைப் பகுதிகளை மனப்பாடம் செய்வித்துத் தாமே ஞானமுழுக்கும் கொடுத்துவிட்டார்! செய்தியறிந்த சுவார்ட்ஸ் ஐயர் இந்த அவசரத்தை விரும்பவில்லை.

நெல்லைச் சீமையின் சீர்திருத்தச் சபை வரலாறு இங்ஙனம் ஒரு தமிழ் வாசகரின் குரலோடு தொடங்குகிறது. அப்போது அங்கே குருவும் இல்லை, கோயிலும் இல்லை. படிக்கத் தெரிந்த ஒருவர் படித்தார்; சிலர் கேட்டனர். எந்தச் சங்கமும் அவரை அனுப்பியதாகத் தெரியவில்லை.

மறுத்தவர் வந்த நாள்

1778இல் சுவார்ட்ஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்தார். கோட்டையிலிருந்த ஆங்கிலேயருக்குரிய சமயக் கடமைகளை நிறைவேற்றுவதே வருகையின் முதல் நோக்கம். அப்போது அவரிடம் ஞானமுழுக்கு வேண்டி நின்றார் ஓர் அம்மையார். மராட்டியப் பிராமண குலத்தில் பிறந்தவர். தஞ்சை அரசர் பணியிலிருந்த ஒருவரின் கைம்பெண். லிட்டில்டன் என்னும் ஆங்கிலப் படை அதிகாரியின் பாதுகாப்பில் வாழ்ந்தவர். உடன்கட்டை ஏற இருந்தவரை அவ்வதிகாரி மீட்டார் என்பது செவிவழிச் செய்தி. கோகிலா என்பது அவர்தம் இயற்பெயர் என்றும் வழங்குகின்றனர்.

தஞ்சையில் இருந்தபோதே அவர் ஞானமுழுக்குக் கேட்டிருந்தார். மணஉறவின்றி அதிகாரியுடன் வாழ்ந்த நிலையைக் காட்டி ஐயர் மறுத்துவிட்டார். பாளையங்கோட்டையில் லிட்டில்டன் இறந்தபின் அம்மையார் மீண்டும் கேட்டார். இம்முறை ஐயர் இணங்கினார். கிளாரிந்தா என்னும் பெயர் சூட்டப்பட்டது.

இந்நிகழ்ச்சியை எழுதுவோர் பெரும்பாலும் ஐயரின் பெருமையாகவே எழுதுவர். ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளை எண்ணிப்பார்த்தல் வேண்டும். தம்மை ஏற்க மறுத்த சமயத்தையே விடாது பற்றி, அதன் செய்தியைத் தம்மைச் சூழ்ந்தோர்க்கும் எடுத்துரைத்து, வாராதவர் வரும் நாளுக்குக் காத்திருந்தவர் அவ்வம்மையார். ஐயரின் வருகையோ சில நாள். அ. மாதவையா 1915இல் ஆங்கிலத்தில் எழுதிய 'கிளாரிந்தா' புதினத்துக்கு இவ்வம்மையாரின் வாழ்வே கரு. சரோஜினி பாக்கியமுத்து அதனைத் தமிழாக்கினார். புதினத்தின் கற்பனைகளை வரலாறாகக் கொள்ளலாகாது. எனினும் சபை வரலாறுகள் ஓரிரு பத்திகளில் கடந்துபோன ஒரு பெண்ணை நடுவில் நிறுத்தி எழுதவேண்டும் என்று ஒரு தமிழ் எழுத்தாளருக்குத் தோன்றியதே, அது பெரிது.

நாற்பது பெயர்கள்

1780ஆம் ஆண்டுச் சபைப் பதிவேட்டில் நாற்பது பெயர்கள் உள்ளன. பிற்காலத்தில் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் ஐயர், திருநெல்வேலித் திருச்சபையின் தொடக்கக் காலம் பற்றி 1881இல் வெளியிட்ட நூலில் இப்பட்டியலைக் காத்துத் தந்துள்ளார். பல சாதியினர் அதில் இடம்பெற்றுள்ளனர். ஒரு சீமையின் திருச்சபை முழுவதும் ஒரு சிறு கூடத்தில் அமர்ந்துவிடக் கூடிய அளவே அன்று இருந்தது.

இந்நாற்பது பேரையும் வாரந்தோறும் கூட்டியவர் யார்? சுவார்ட்ஸ் ஐயர் அப்போது தஞ்சையில் இருந்தார். 1779இல் ஐதரலியிடம் தூது போகுமாறு ஆங்கிலேயர் அவரைச் சீரங்கப்பட்டணத்துக்கு அனுப்பியிருந்தனர். அடுத்த ஆண்டிலேயே கருநாடகப் போர் மூண்டது. பஞ்சமும் கொள்ளையும் சோழநாட்டை வாட்டின. தஞ்சைக்கும் பாளையங்கோட்டைக்கும் இடையே 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவு. இக்கடும் ஆண்டுகளில் அச்சிறு கூட்டம் சிதையாமல் நின்றதற்குக் கிளாரிந்தா அம்மையாரும் அவரைச் சேர்ந்த சிலருமே காரணர் எனல் வேண்டும். தம் பொருளைத் தந்தும், ஆங்கில அதிகாரிகளிடம் உதவி பெற்றும் அம்மையார் உறுதியான கட்டடமாக ஒரு கோயிலை எழுப்பினார். இன்றும் பாளையங்கோட்டையில் அது 'பாப்பாத்தியம்மாள் கோயில்' என்றே வழங்குகிறது. வந்து போன குருவின் பெயரை மக்கள் அதற்குச் சூட்டவில்லை. ஏடுகள் மறந்தாலும் ஊர்வாய் மறப்பதில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

1785ஆம் ஆண்டு வருகை

கோயில் முடிந்ததும் அதனை அர்ப்பணம் செய்துதர ஐயர் அழைக்கப்பட்டார். 1785இல் அவர் மீண்டும் வந்தார். சில வாரங்களே தங்கினார். அந்தச் சில வாரங்களில் மூன்று செயல்கள் நிகழ்ந்தன. குறுகிய வருகை ஒன்றின் இயல்பை ஆய்வோர் மூன்றையும் தனித்தனியே நோக்குதல் தகும்.

முதலாவது, கோயிலை அர்ப்பணித்தது. இங்கே வந்தவர் புதிதாக எதையும் கட்டவில்லை. ஊரார் கட்டி முடித்ததற்குத் தம் வாழ்த்தை நல்கினார். என்ன வேண்டும் என்பதை ஊராரே முடிவு செய்திருந்தனர். அவர் கேட்டதைக் கொடுத்தார்.

இரண்டாவது, ஒருவரை விட்டுச் சென்றது. தஞ்சைப் பகுதி வேளாளர் குலத்தில் பிறந்து, உறவினரின் எதிர்ப்பைத் தாங்கிக் கிறித்தவரான சத்தியநாதன் என்னும் உபதேசியார் இவ்வருகையை ஒட்டிப் பாளையங்கோட்டைச் சபையைக் கவனிக்கலானார். தஞ்சையில் தமக்கு வலக்கை போன்றிருந்த ஒருவரைத் தொலைவிலிருந்த சிறு சபைக்காக ஐயர் விட்டுக்கொடுத்தார். 1790 டிசம்பர் 26ஆம் நாள் தஞ்சையில் சத்தியநாதனுக்குக் குருப்பட்டம் அளிக்கப்பட்டது. அந்நாளில் அவர் தமிழில் ஆற்றிய அருளுரையை ஆங்கிலத்தில் பெயர்த்து இலண்டன் எஸ்.பி.சி.கே. சங்கத்தார் அச்சிட்டனர். தமிழர் ஒருவரின் அருளுரை கடல் கடந்து சென்று அங்குள்ளோர்க்குப் படிப்பினை ஆயிற்று என்பது ஈண்டு நினைத்தற்குரியது. அனுப்பும் திசை ஒன்று, பெறும் திசை மற்றொன்று என்னும் எண்ணம் அன்றே சற்று அசைந்தது.

மூன்றாவது, ஒரு சிறுவனை அழைத்துச் சென்றது.

கவிஞர் புறப்பட்ட கதை

பாளையங்கோட்டைச் சபையில் தேவசகாயம் பிள்ளை என்பவர் இருந்தார். தமிழ்க் கல்வியும் பாப்புனையும் ஆற்றலும் உடையவர். அவர் மகன் வேதநாயகம் 1774 செப்டம்பர் 7ஆம் நாள் பிறந்தவன். 1785இல் வந்த சுவார்ட்ஸ் ஐயர் பதினோரு வயதை எட்டிக்கொண்டிருந்த அச்சிறுவனின் கூர்மையைக் கண்டு, தந்தையின் இசைவோடு தஞ்சைக்கு அழைத்துச் சென்றார். அவனே பின்னாளில் வேதநாயகம் சாஸ்திரியார் ஆனான்.

தஞ்சையில் கல்வி கற்றும், தரங்கம்பாடியில் ஜான் ஐயரிடம் பயின்றும், இளமையிலேயே தஞ்சையில் ஆசிரியப் பொறுப்பேற்றும் வளர்ந்தார் அவர். சுவார்ட்ஸ் ஐயரின் பராமரிப்பில் கற்ற மற்றொருவர் இரண்டாம் சரபோஜி மன்னர். இருவருக்கும் இடையே வாழ்நாள் முழுதும் நட்பு நிலவியது. பெத்லகேம் குறவஞ்சி, ஞான ஏற்றப்பாட்டு, ஞானத்தச்ச நாடகம், ஆதியானந்தம், பேரின்பக் காதல் என அவர் படைப்புகள் விரிந்தன. 1864இல் மறையும்வரை அவர் பாடிக்கொண்டேயிருந்தார். தமிழ்த் திருச்சபைகளில் இன்றும் அவர் கீர்த்தனைகள் ஒலிக்கின்றன.

இங்கே நம் கவிஞர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஐயர் அச்சிறுவனுக்குக் கவிதையைக் கொடுக்கவில்லை. அது தந்தையிடமிருந்தும் நெல்லை மண்ணிலிருந்தும் வந்தது. திரிகூடராசப்பக் கவிராயர் திருக்குற்றாலக் குறவஞ்சியைப் பாடிய சீமை அது. குறி சொல்லும் குறத்தியும் பவனி வரும் தலைவனும் அம்மண்ணின் செவிக்குப் பழகியவர்கள். அவ்வடிவத்தைக் கைக்கொண்டே சாஸ்திரியார் பெத்லகேமைத் தலைமைப்பதியாக்கினார். ஏற்றம் இறைப்போர் பாட்டையும் கும்மியையும் எடுத்து வேதப்பொருளை ஏற்றினார். சுவார்ட்ஸ் ஐயர் தமிழை நன்கு கற்றவராயினும் இதனைத் தாமே செய்திருக்க இயலாது. அவர் செய்தது, இருந்த ஒன்றை இனங்கண்டு அது வளர இடம் தந்ததே. எத்தனையோ பயணங்களில் எத்தனையோ பேர் எத்தனையோ சிறுவர்களைக் கண்டிருப்பர். காண்பது வேறு, கண்டறிவது வேறு.

கோட்டையின் நிழல்

இவ்வரலாற்றை வெறும் புகழுரையாக முடித்தல் நேர்மையன்று. ஐயரின் வருகைக்கு வழி திறந்தது கும்பெனியாரின் கோட்டை. அவரை அழைத்த ஆங்கில அதிகாரிகள், கோயிலுக்கு உதவிய அதிகாரிகள் யாவரும் இந்நாட்டை வெல்ல வந்த படையைச் சேர்ந்தவர். 1799இல் சாத்தான்குளப் பகுதியில், துன்புறுத்தப்பட்ட கிறித்தவர்க்கெனத் தாவீது சுந்தரானந்தம் முயற்சியால் நிலம் வாங்கி 'முதலூர்' என்னும் குடியிருப்பு அமைந்தது. அதே ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் வீரபாண்டிய கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை சிறையுடைத்து வெளியேறியதும் இதே பாளையங்கோட்டையிலிருந்துதான். ஒரே கோட்டைக்குள் சிறையும் இருந்தது. அதன் நிழலில் வழிபாடும் நடந்தது. ஆட்சியாளரின் துணையோடு வரும் அன்புக்கு ஆட்சியின் சாயலும் ஒட்டிக்கொள்ளும் என்பதை மறைத்தல் கூடாது. இன்று செல்வநாட்டிலிருந்து வறிய ஊருக்குச் செல்வோர்க்கும் இது பொருந்தும். அவர்கள் கையில் வாள் இல்லை, பணம் உண்டு. கேட்பவர் உண்மையில் தமக்கு வேண்டியதைக் கேட்கிறாரா, கொடுப்பவர் விரும்புவதைக் கேட்கிறாரா என்னும் ஐயம் அங்கே எப்போதும் இருக்கும்.

நின்றவர்களையும் குறையற்றவராகக் காட்டவேண்டியதில்லை. சாதி வேற்றுமை சபைக்குள்ளும் புகுந்திருந்தது. 1820களின் இறுதியில் தஞ்சையில் இளைய குருமார், யாவரும் வேற்றுமையின்றி அமரவும் ஒரே கிண்ணத்தில் பருகவும் வேண்டும் என வற்புறுத்தியபோது எதிர்த்து நின்றவர்களுள் வேதநாயகம் சாஸ்திரியாரும் ஒருவர். அதனால் அவர் பணியையும் இழந்தார். இவ்வழக்கில் கவிஞர் பக்கம் நியாயம் இருந்ததாக இன்று நாம் கூற இயலாது. உள்ளூரார் சொல்வது எல்லாம் சரி, வந்தவர் சொல்வது எல்லாம் தவறு என்னும் முடிவுக்கு இவ்வரலாறு இடந்தரவில்லை. வெளியிலிருந்து வந்த கண், உள்ளிருப்போர் பழகிப்போன அநீதியைக் காணவும் கூடும்.

வருவார் இல்லாத காலம்

சத்தியநாதனுக்குத் துணையாக 1791இல் யெனிக்கே என்னும் செருமானிய இளைஞர் பாளையங்கோட்டைக்கு வந்தார். மலையடிவாரக் காய்ச்சல் அவரை வருத்தித் தஞ்சைக்குத் திருப்பியது. 1800இல் அவர் இறந்தார். 1802இல் சென்னை வேப்பேரியிலிருந்து கெரிக்கே ஐயர் நெல்லைச் சீமையில் ஒரு சுற்றுப் பயணம் செய்தார். ஊர் ஊராக மக்கள் காத்திருந்தனர். அந்த ஒரு பயணத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஞானமுழுக்குப் பெற்றனர். அவர் சென்றபின் சத்தியநாதனும் பிறரும் ஞானமுழுக்குக் கொடுத்தவர்களின் தொகை அதனினும் மிகுதி. பயணியின் அறுவடையாகப் பேசப்படுவது, ஆண்டுக்கணக்கில் உபதேசிமார் உழுது விதைத்த நிலத்தின் விளைச்சல் என்பது இதனால் தெளிவாகும். அடுத்த ஆண்டிலேயே கெரிக்கே ஐயரும் மறைந்தார்.

பின்னர் வந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் பெரும் வறட்சிக் காலம். ஐரோப்பாவில் நெப்போலியப் போர்கள் நடந்தன. பணமும் ஆளும் வரவில்லை. நாஞ்சில் நாட்டை ஒட்டிய மயிலாடியிலும் இதே நிலை நேர்ந்தது. அங்கே மகராசன் வேதமாணிக்கம் தாமாகவே தஞ்சை சென்று நற்செய்தியைக் கேட்டு வந்து ஒரு சிறு கூட்டத்தைச் சேர்த்திருந்தார். அவர் அழைப்பின்பேரில் 1806இல் ரிங்கல்தௌபே ஐயர் அங்கே வந்தார். உடல்நலம் குன்றி 1816இல் ஊரைவிட்டுச் சென்ற அவர் பின்னர் என்ன ஆனார் என்பது எவர்க்கும் தெரியாது. பொறுப்பை வேதமாணிக்கத்திடம் விட்டுச் சென்றார். 1818இல் மீட் ஐயர் வரும்வரை அச்சபையை நடத்தியவர் அவரே.

1816இல் பாளையங்கோட்டைப் படைக்குக் குருவாக வந்த ஜேம்ஸ் ஹஃப், இச்சீமையின் கிறித்தவர்கள் பெரும்பாலும் சிதறிப்போயிருப்பர் என்று எண்ணக் காரணம் இருந்தது. அவர் கண்டதோ அறுபதுக்கு மேற்பட்ட ஊர்களில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கிறித்தவர்களை! ஆபிரகாம் என்னும் தமிழ்க் குருவும் சில உபதேசிமாரும் அவர்களைக் காத்து வந்தனர். 1780இன் நாற்பது பெயர்கள், வெளிநாட்டார் பெரும்பாலும் எட்டிப்பாராத ஆண்டுகளையும் கடந்து இவ்வாறு பெருகியிருந்தன. ஹஃப் பள்ளிகளைத் தொடங்கினார். சென்னைக்கு எழுதி ஆள் கேட்டார். அதன் பயனாக 1820இல் இரேனியுஸ் ஐயர் வந்தார். திருப்பாற்கடல்நாதன் கவிராயரிடம் தமிழ் பயின்று, இலக்கணமும் உரைநடையும் படைத்து, 1838வரை பாளையங்கோட்டையிலேயே வாழ்ந்து மறைந்தார். அவர் வந்து போனவர் அல்லர். நின்றவர் வரிசையில் சேர்ந்துவிட்ட வந்தவர்.

யாழ்ப்பாணம் சென்று வந்தவர்

கடல் கடந்த பயணங்களிலும் இவ்வுண்மையே விளங்குகிறது. 1760இல் சுவார்ட்ஸ் ஐயர் சில மாதங்கள் நடந்த யாழ்ப்பாணத்தில், 1801 முதல் நிலைத்து நின்று பணி செய்தவர் அவர் வளர்த்த தமிழராகிய கிறித்தியான் தாவீது. 1824இல் கல்கத்தாவில் ஹீபர் அத்தியட்சர் அவருக்குக் குருப்பட்டம் அளித்தார்.

அதே யாழ்ப்பாணத்துக்கு 1902இல் மற்றொரு குறுகிய பயணம் நிகழ்ந்தது. வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்து, ஒய்.எம்.சி.ஏ. செயலாளராக இருந்த வே. ச. அசரியா அங்கே சென்றார். உதவி செய்யச் சென்றவர் ஒரு வியப்பைக் கண்டார். யாழ்ப்பாணத்துத் தமிழ்க் கிறித்தவ மாணவர்கள் தமக்குள் சங்கம் அமைத்து, தம் காசைச் சேர்த்து, தமிழகத்தின் தொண்டிப் பகுதிக்குப் பணியாளரை அனுப்பிக் கொண்டிருந்தனர். ஆயிரக்கணக்கில் கிறித்தவர் வாழ்ந்த திருநெல்வேலி அத்தகைய முயற்சி ஒன்றையும் செய்யவில்லையே என்னும் நாணம் அவரைத் தைத்தது. 1903 பிப்ரவரி 12ஆம் நாள் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றியது. அச்சங்கத்தார் தெலுங்கு மொழி கற்று, நிஜாம் ஆட்சியிலிருந்த தோர்ணக்கல் பகுதிக்குச் சென்று வேரூன்றினர். 1912இல் அசரியா தோர்ணக்கல் அத்தியட்சராகத் திருநிலைப்படுத்தப்பட்டார்.

இப்பயணத்தில் கற்றவர் சென்றவரே. கற்பித்தவர் அங்கே இருந்தவர். குறுகிய பயணத்தின் மிகச் சிறந்த பயன் இதுவாகவே இருக்கக்கூடும். 1910இல் எடின்பரோ மாநாட்டில் பேசிய அசரியா, மேலைநாட்டுத் திருச்சபைகள் பொருளும் உழைப்பும் ஈந்ததை நன்றியோடு ஒப்பினார்; ஆனால் எங்களுக்கு இப்போது வேண்டுவது நட்பு என்று அவையோர் திடுக்கிட முறையிட்டார். கொடுப்பவர்க்கும் பெறுபவர்க்கும் இடையே ஒரே பந்தியில் அமரும் உறவு இல்லையே என்பது அவர் வருத்தம்.

நிறைவாக

மேற்கண்ட வரலாற்றால் அறியப்படுவது இதுவே. குறுகிய வருகை தன்னளவில் பயனற்றதும் அன்று, பெரும்பயன் உடையதும் அன்று. அழைப்பு ஊராரிடமிருந்து வந்ததா, வந்தவர் அங்கே ஏற்கெனவே நிற்போரை இனங்கண்டாரா, போகும்போது யாரை விட்டுச் சென்றார் என்னும் மூன்றனைப் பொறுத்தே அதன் மதிப்பு அமையும். 1785ஆம் ஆண்டின் சில வாரங்கள் இம்மூன்றிலும் நிறைவுற்றன. ஆகவே அவற்றின் பயன் நூற்றாண்டுகளைக் கடந்தது. கிளாரிந்தா இல்லாத பாளையங்கோட்டைக்கு அதே ஐயர் அதே வாரங்கள் வந்திருப்பின் ஒரு நாட்குறிப்புப் பக்கமே மிஞ்சியிருக்கும்.

பத்தாண்டு கண்ட நம் வட்டத்துக்கு இச்செய்தி புதிதன்று. பெரும்புலவர்கள் வந்து உரையாற்றிய நாட்களை நாம் நன்றியோடு நினைக்கிறோம். அவர்கள் பெயர் அழைப்பிதழ்களில் உள்ளது. கூட்டமில்லாத மாதங்களிலும் அறையைத் திறந்து பாய் விரித்தவர்களின் பெயர் எந்த அழைப்பிதழிலும் இல்லை.

ஆகவே அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்களின் பழைய சபைப் பதிவேடுகள், பள்ளிப் பதிவேடுகள், கோயில் கணக்குகள் ஆகியன கரையானுக்கு இரையாகு முன் அவற்றில் உள்ள பெயர்களைப் படியெடுத்து வையுங்கள். சமயம் எதுவாயினும் ஆகுக. உபதேசியார், வேதம் வாசித்தவர், விளக்கேற்றியவர், பள்ளிக்கூடம் பெருக்கியவர் என ஒவ்வொருவரையும் ஊரும் ஆண்டும் குறித்து எழுதுங்கள். 1780ஆம் ஆண்டின் அந்நாற்பது பெயர்களையும் எவரோ ஒருவர் அன்று எழுதி வைத்தார். நூறாண்டு கழித்து மற்றொருவர் அதை அச்சிட்டார். அதனால்தான் இன்று நாம் அவர்களைப் பற்றிப் பேச முடிகிறது.